மரச்சீனித் தோலும் ஆட்டின் கண்ணிமையும்

பாவூர்சத்திரம் பக்கம் சிப்ஸ் போடுகிற கடைகளில் மரச்சீனிக்கிழங்குத் (மரவள்ளி) தோலைக் கேட்டால் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். நானும் ஒருநாள் ஈரம் காயாத தோலைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினேன். பசியோடு நின்ற பால்கன்னி மறி (கன்னி இனத்து இளம் வெள்ளாடு) ஒன்று முதலில் வாய் வைத்தது. அரை மணி நேரத்திற்குள் மூச்சிரைத்து, நுரை தள்ளிச் சாய்ந்தது. இமையை விலக்கினால் செம்பருத்திப் பூவாகச் சிவந்திருந்தது. இவ்வளவு இரத்தம் இருக்கிறதே, பிழைத்துவிடும் என்று நம்பினேன். பிழைக்கவில்லை.

அந்தச் சிவப்புதான் மரச்சீனியிலிருந்து வரும் சயனைடு என்ற நஞ்சின் அடையாளம். இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் உடம்பின் திசுக்களால் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. நஞ்சு கிழங்கின் சதையைவிடத் தோலிலும் இலையிலும் அதிகம்.

இப்போது தோலை விரல் அகலத்திற்கு நறுக்குகிறேன். நறுக்காமல் காயவைப்பது வீண்வேலை. திசு நசுங்கினால்தான் உள்ளேயிருக்கும் நொதி நஞ்சை உடைத்து வாயுவாக வெளியேற்றும். தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, காலையும் மாலையும் கிளறி, மூன்று நாள் நல்ல வெயிலில் போடுவேன். வளைத்தால் 'படக்' என்று முறிய வேண்டும். துவண்டால் இன்னொரு நாள். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்த தோலை எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள், மனம் கேட்காவிட்டாலும். கிழங்கு மாவு கழுவிய தண்ணீரையும் ஆடு குடிக்க விடாதீர்கள்.

முதல் வாரம் ஒரு கைப்பிடி போதும். பிறகும் பெரிய ஆட்டுக்கு நாளொன்றுக்கு 200 கிராமுக்கு மேல் நான் வைப்பதில்லை. அதுவும் மேய்ந்து வயிறு நிறைந்த பிறகுதான். தோலில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. ஆகவே கடலைப் புண்ணாக்கும் அகத்திக் குழையும் கூடவே வேண்டும். மிச்சமிருக்கும் நஞ்சை முறிக்க உடம்பு கந்தகத்தைச் செலவிடுகிறது. அப்படி முறிந்து உண்டாகும் பொருள், உடம்பு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அதனால் தாது உப்புக் கட்டியைக் கொட்டிலில் எப்போதும் தொங்கவிட்டிருக்கிறேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை கீழிமையை இறக்கிப் பார்ப்பேன். இளஞ்சிவப்பாக இருந்தால் நிம்மதி. வெளுத்திருந்தால், கூடவே தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தால், தோலை மட்டும் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவின் வேலை அது. சந்தேகம் வந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டைக் கொண்டுபோய்க் காட்டுவேன். சோதனையில் வெள்ளாட்டின் இரத்தத்தில் செவ்வணுக்களின் பங்கு 22 முதல் 38 சதவீதம், ஹீமோகுளோபின் 100 மில்லிக்கு 8 முதல் 12 கிராம் இருந்தால் சரி.

தின்ற கொஞ்ச நேரத்தில் மூச்சிரைப்போடு இமை பளீரென்று சிவந்தால் கை வைத்தியம் பார்க்காதீர்கள். தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழைத்து, மரச்சீனித் தோல் தின்றது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்தோடு ஏறினால் ஆடு எழுந்து நிற்க வழியுண்டு.