வேலைக்குப் போகும் மாணவர்கள் ஸ்காலர்ஷிப்பைத் தொலைக்கும் வழிகள்

போன மாதம் டெல்லி முனிர்காவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.காம்., இரண்டாம் ஆண்டு. "அண்ணா, ஸ்காலர்ஷிப் பணம் போட்டாச்சுன்னு காட்டுது. பாஸ்புக்ல ஒண்ணுமே இல்லையே" என்றாள். "நடுவுல எங்கயாவது வேலைக்குச் சேர்ந்தியா?" என்று கேட்டேன். சேர்ந்திருந்தாள். வசந்த்குஞ்ச் மாலில், சனி ஞாயிறு மட்டும், மூன்று மாதம். அதற்கு மேல் அவளிடம் கேட்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.

இங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது எனக்குப் பழகிப்போன வேலை. பெயரில் எழுத்துப்பிழை, கடைசி நாளில் சர்வர் படுத்துக்கொள்வது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன். பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

சம்பள அக்கவுண்ட்

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒருவர் டேப்லெட்டோடு வருவார். ஆதார் எண், ஓடிபி, ஒரு செல்ஃபி. பத்து நிமிடத்தில் புது அக்கவுண்ட் ரெடி. நடுவில் நாலு கட்டங்களுக்கு டிக் போடச் சொல்வார். அதில் ஒன்று, அரசு தரும் பணத்தை இந்த அக்கவுண்டிலேயே பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்கிற கட்டம். அதை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

நம் ஆதாரை எத்தனை வங்கியில் வேண்டுமானாலும் கொடுத்து வைக்கலாம். ஆனால் வங்கிகளுக்கு இடையே பணம் போக வழிசெய்யும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பட்டியலில் ஓர் ஆதாருக்கு எதிரே ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எந்த வங்கி பதிந்ததோ அது. அரசுப் பணம் ஆதார் வழியாக வந்தால் நாம் விண்ணப்பத்தில் எழுதிய அக்கவுண்ட் எண்ணைப் பார்க்காது. அந்தப் பட்டியலில் உள்ள வங்கிக்குப் போய்விடும்.

எனக்கு நடந்தது மூன்றாம் ஆண்டில். ஓக்லாவில் ஒரு நிறுவனத்தில் மாலை நேர டேட்டா என்ட்ரி வேலை. இரண்டே மாதத்தில் விட்டுவிட்டேன். அவர்கள் திறந்து கொடுத்த அக்கவுண்டின் ஏடிஎம் கார்டைக்கூட உறையிலிருந்து எடுத்ததில்லை. சிம்மையும் மாற்றிவிட்டேன். அக்டோபரில் ஸ்காலர்ஷிப் பணம் அங்கே போய் உட்கார்ந்தது. அப்போது வருடத்துக்கு 10,000 ரூபாய். நான் என் பழைய கிளைக்கு நடையாய் நடந்தேன். கவுண்டரில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டு, "லிங்க் தோ ஹை, பேட்டா" என்பார், இணைந்துதான் இருக்கிறது தம்பி என்று. அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆதார் அவர்கள் வங்கியிலும் இணைந்துதான் இருந்தது. பட்டியலில் இருந்ததோ வேறு வங்கி. இந்த ஒரு வித்தியாசத்தை எனக்குச் சொல்ல ஒருவர்கூட இல்லை. விஷயம் புரிந்து, பழைய நம்பரை மாற்ற அலைந்து, பணத்தைக் கையில் பார்த்தபோது மார்ச். அதற்குள் செமஸ்டர் கட்டணத்துக்குக் கரோல்பாகில் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கியிருந்தேன். அந்த "லிங்க் தோ ஹை"யை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

இப்போது இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மைஆதார் தளத்தில் நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று பெயரோடு காட்டும். வேலையில் சேர்ந்த இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, ஸ்காலர்ஷிப் வரும் காலத்துக்கு முன் ஒரு முறை பாருங்கள். வங்கி மாறியிருந்தால் பழைய கிளைக்குப் போய், "ஆதார் லிங்க் செய்யணும்" என்று சொல்லாதீர்கள். இணைந்துதான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "டிபிடி பணம் இந்த அக்கவுண்டுக்கு வரணும், என்.பி.சி.ஐ. சீடிங் மாத்தணும்" என்று சொல்லிப் படிவம் கேளுங்கள். டிபிடி என்றால் அரசு நேராக அக்கவுண்டில் போடும் பணம். சீடிங் என்றால் அந்தப் பட்டியலில் வங்கியைப் பதிவது.

இன்னொன்று. ஓடிபியை மட்டும் வைத்துத் திறந்த அக்கவுண்டுக்கு ஆயுள் ஒரு வருடம்தான். அதற்குள் முழு சரிபார்ப்பை முடிக்காவிட்டால் வங்கி அதை மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வேலையை விட்டவர்கள் யார் அதற்காக மெனக்கெடுகிறார்கள்?

67 போதும் என்ற நினைப்பு

டெல்லி பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுத மூன்றில் இரண்டு பங்கு அட்டெண்டன்ஸ் வேண்டும். பிள்ளைகள் அந்தக் கணக்கை வைத்துத்தான் வேலை நேரத்தைப் பிடிக்கிறார்கள். ஆனால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையைப் புதுப்பிக்க 75 சதவீதம் வேண்டும், மதிப்பெண் 50 சதவீதம் வேண்டும். 70 வைத்திருப்பவன் தேர்வு எழுதுவான், பாஸும் ஆவான், வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை மட்டும் வராது.

கைக்கு வரும் சம்பளம்

அதே திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 4.5 லட்சம். இது மொத்த வருமானம், பிடித்தம் போகக் கைக்கு வருவது அல்ல. அப்பாவுக்குக் கையில் 35,000 வருகிறது, வருடத்துக்கு 4.2 லட்சம்தானே என்று எழுதிவிடுகிறார்கள். பி.எஃப். எல்லாம் சேர்த்து மொத்தச் சம்பளம் 39,000 என்றால் 4.68 லட்சம். வரம்பு தாண்டிவிட்டது.

இரண்டு உதவித்தொகை

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். கட்டணச் சலுகையும் கணக்கில் வரும். டெல்லி பல்கலைக்கழகம் குடும்ப வருமானம் 4 லட்சத்துக்குள் இருந்தால் முழுக் கட்டணம் வரையும், 8 லட்சத்துக்குள் என்றால் பாதி வரையும் தள்ளுபடி தரும் திட்டம் வைத்திருக்கிறது. கட்டணம் அதிகமான படிப்பென்றால் 12,000-ஐ விட அதுவே பெரிய தொகை. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எந்த மாநிலம்

விண்ணப்பத்தில் மாநிலம் கேட்கும் இடத்தில் போட வேண்டியது கல்லூரி இருக்கும் மாநிலம் அல்ல, உங்கள் சொந்த மாநிலம்.

வளாகத்துக்குள் வேலை

டெல்லி பல்கலைக்கழகத்திலேயே துணைவேந்தர் இன்டர்ன்ஷிப் என்று ஒரு பகுதிநேர வேலை இருக்கிறது. வாரம் 8 முதல் 10 மணி நேரம், மாதம் 5,250 ரூபாய். மாலில் இதைவிடக் கூடுதலாகவே தருவார்கள், வாஸ்தவம்தான். ஆனால் இங்கே மணி நேரத்துக்கு ஒரு வரம்பு இருப்பதால் அட்டெண்டன்ஸைக் கடித்துத் தின்னாது. முனிர்காப் பெண் இப்போது இதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறாள். "புது அக்கவுண்ட் திறக்கணுமா?" என்றுதான் முதலில் கேட்டாளாம்.