முதல் நாளே மேலே ஏற்றாதீங்க

விழுப்புரத்தில் கயிறு மல்லர் கம்பம், அதாவது தொங்கும் கயிற்றில் ஏறிச் செய்யும் உடற்பயிற்சி, பழகியவள் நான். கயிற்றைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கவ்வுவோம். உயரத்திலிருந்து தொங்கும் துணியில் ஏறிச் செய்யும் ஏரியல் சில்க்ஸில் அந்த வித்தை எடுபடாது, துணியைக் காலில் சுற்றிப் பூட்டணும். புதுசா வர்றவங்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது அந்தப் பூட்டுதான்.

துணியின் கீழே ஒரு பெரிய முடிச்சுப் போட்டு உட்கார வைங்க. கை இழுவிசைக்குப் பழகட்டும். பிறகு முடிச்சை அவிழ்த்துவிட்டு, முழங்கால் உயரத்தில் பூட்டு. ஒரு காலை வெளிப்பக்கமாகத் துணியில் ஒரு சுற்று சுற்றி, பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்க. மற்ற காலால், கீழே தொங்கும் துணியின் வாலை அள்ளி, பூட்டும் பாதத்தின் அடியிலிருந்து மேல்பாதத்தின் மேல் போடணும். பாதி பேர் இங்கேதான் விரலை நீட்டிடுவாங்க; பூட்டு சரசரன்னு வழுக்கிடும். "சுவரில் பாதத்தைப் பதிக்கிற மாதிரி" என்றால் உடனே புரியும்.

நிற்பதற்கு முன்பே அவிழ்க்கக் கற்றுக் கொடுங்க. எடையைக் கைக்கு மாற்றி, பாதத்தைத் தளர்த்தி, வாலை உதறணும். இடது காலையும் விடாதீங்க, எல்லாரும் அதை ஏமாத்துவாங்க.

மோதிரம், மெட்டி எல்லாம் கழற்றணும், ஜிப் வைத்த உடையும் வேண்டாம், துணி கிழியும். முழங்கால் பின்புறம் மூடிய லெக்கிங்ஸ் போடலேன்னா தோல் உரிஞ்சிடும். அடியில் தடித்த மெத்தை கட்டாயம். சென்னை வியர்வைக்கு, பிடி வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் ரோசின் (மரப்பிசின்) பொடி. ஒரு தடவைக்கு அரை நிமிஷம் போதும், பிடி தளர்ந்தா இறக்கிடுங்க.