கேம் கம்பெனியில் வேலை வேண்டுமா? ஒரு சின்ன கேமை முடித்துக் கையில் வையுங்கள்

2005-இல் அமெரிக்காவில் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து நார்பாகுலர் டிராப் என்றொரு கேம் செய்தார்கள். இரண்டு வாசல்களை நினைத்த இடத்தில் வைக்கலாம், ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றில் வெளியே வரலாம், விளையாட்டே அதுதான். நாயகியால் குதிக்கக்கூட முடியாது, ஏனென்றால் அவள் முழங்கால் இல்லாத இளவரசி! அதைப் பார்த்த வால்வ் என்ற கேம் நிறுவனம் அந்த மாணவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007-இல் போர்ட்டல் என்ற கேமாக வந்தது அதே வாசல் யோசனைதான்.

எல்லோருக்கும் இப்படி நடக்காது, சரி. ஆனாலும் "எந்த கோர்ஸில் சேரலாம்" என்று கேட்பவர்களிடம், கோர்ஸ் இருக்கட்டும், முதலில் கிளிக் செய்தால் விளையாடக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இங்கேதான் பலர் ஸ்டார்டியூ வேலி என்ற கேமின் கதையை இழுப்பார்கள். எரிக் பரோன் அந்த கேமைத் தொடங்கியதே, கல்லூரி முடித்து வேலை கிடைக்காதபோது புரோகிராமிங் கையைத் தேற்றிக்கொள்ளத்தான். அது நாலு வருஷத்துக்கு மேல் நீண்டு, நடுவில் அவர் தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்து, 2016-இல்தான் கேம் வெளியானது. அழகான கதை, ஆனால் அதை உங்கள் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்துக்கொண்டேன். எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு கிராமம், மழை, ஆடு மாடு, பை நிறையப் பொருள் வைக்கும் திரை எல்லாம் செய்து முடித்துவிட்டுப் பார்த்தால், அதில் விளையாட மட்டும் எதுவும் இல்லை.

அதனால் ஒரே ஒரு செயல், ஒரே திரை, மூன்று நிமிடம். தள்ளுவது, பிடிப்பது, அடுக்குவது, இப்படி ஏதாவது ஒன்று. தானாகக் கட்டுப்பாடு வராது என்றால் கேம் ஜாமில் சேருங்கள், அதாவது பெரும்பாலும் ஒரு வாரக்கடைசிக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்ச்சியில். லுடும் டேர் 2002-இலிருந்து நடக்கிறது, குளோபல் கேம் ஜாம் ஒவ்வொரு ஜனவரியிலும் வருகிறது. பாபா இஸ் யூ என்ற கேம் 2017-இல் ஒரு ஜாமில் பிறந்ததுதான், செலஸ்ட் என்ற கேமின் முதல் வடிவமும் குட்டி கேம்கள் செய்யும் பிகோ-8 மென்பொருளில் நாலே நாளில் செய்தது. ஜாமில் ஜெயிப்பது முக்கியமில்லை. ஞாயிறு இரவுக்குள் எதை வெட்டி எறியலாம் என்று முடிவெடுக்கப் பழகுவீர்களே, பின்னால் வேலையில் தினமும் செய்யப்போவது அதுதான்.

கதைக்கு எல்ஃபும் டிராகனும் வேண்டியதில்லை. டொரொண்டோவில் உருவான வெண்பா என்ற கேம், கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டில் எழுத்து அழிந்த இடங்களை யூகித்துச் சமைக்க வேண்டும். 2023-இல் வந்தது, அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. வீட்டில் இருக்கும் பழைய நோட்டு ஒரு புதிராகும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

கேம் செய்ய உதவும் மென்பொருளான என்ஜினில் எது சிறந்தது என்ற சண்டையில் இறங்காதீர்கள். யூனிட்டியோ அன்ரியலோ ஏற்கெனவே தெரிந்தால் அதிலேயே செய்யுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் கோடோவை எடுக்கலாம்: இலவசம், ஓபன் சோர்ஸ், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதுங்கள், ஏனென்றால் கோடோ 4-இல் சி ஷார்ப் மொழியை எடுத்தவர்கள் கேமை பிரவுசரில் ஓடும் வடிவமாக மாற்ற (எக்ஸ்போர்ட் செய்ய) போய்த்தான் முழிக்கிறார்கள். படம் வரைய வராதா? கென்னி தளத்தில் இருக்கும் படங்கள் சிசி ஜீரோ உரிமத்தில், அதாவது யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில், இலவசம். சத்தத்துக்கு எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சின்ன மென்பொருள் போதும், பொத்தானைத் தட்டினால் 'டொய்ங்' தயார்.

முதல் வாரத்திலேயே ஓடுகிற மாதிரி ஒன்றை, வெறும் சதுரங்களோடு இருந்தாலும் பரவாயில்லை, தம்பியிடமோ பக்கத்து அறை நண்பனிடமோ கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பின்னால் நில்லுங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். "அந்தக் கதவைத் தொடுடா" என்று நாக்கு நுனி வரை வரும். சொல்லாதீர்கள், உங்கள் கேமை வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் போய் நீங்கள் நிற்க முடியாது. அவன் எங்கே நின்றான், எங்கே சலித்தான், எந்தப் பொத்தானைத் தப்பாக அழுத்தினான் என்று மட்டும் எழுதுங்கள். கேட்டால் "நல்லாருக்கு" என்பான், அதை நம்பாதீர்கள். கேட்காமலே இன்னொரு ஆட்டம் ஆடுகிறானா என்று பாருங்கள். இப்படி நாலைந்து பேரிடம் கொடுத்துத் திருத்தினாலே கேம் வேறு ஆளாகிவிடும்.

முடித்ததை கேம்களை வெளியிடும் தளமான இட்ச் ஐஓவில் ஏற்றுங்கள், காசு கேட்கமாட்டார்கள். எக்ஸ்போர்ட் செய்யும் ஹெச்டிஎம்எல் கோப்புக்கு இண்டெக்ஸ் என்று பெயர் வைத்து எல்லாவற்றையும் ஸிப் செய்து ஏற்றி, பிரவுசரிலேயே விளையாடும் தேர்வை டிக் செய்தால் போதும். ஆள் எடுப்பவர் முன்பின் தெரியாத ஆள் அனுப்பிய இஎக்ஸ்இ கோப்பை டவுன்லோடு செய்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். கேம் விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீமைப் பிறகு பார்க்கலாம். அங்கே ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம், விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால்தான் அது திரும்பி வரும், விற்பதில் 30 சதவீதமும் போகும். வேலை தேடுகிறவருக்கு இப்போதைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கேமின் இட்ச் பக்கத்தில் நீங்கள் எதைச் செய்தீர்கள், எதை வெளியே இருந்து எடுத்தீர்கள் என்று நாலு வரி நேர்மையாக எழுதுங்கள். நீங்கள் எழுதிய புரோகிராம், கோடுகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கட்டும். ஓவியர் என்றால் படங்கள் கேமுக்குள் அசைவதைக் காட்டும் ஒரு சின்ன வீடியோ போடுங்கள். நேர்காணலுக்கு ஒரு பக் (புரோகிராம் பிழை) கதையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: என்ன உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதைத் தூக்கிப் போட்டீர்கள்.

அப்புறம் பெங்களூரோ புனேயோ ஹைதராபாத்தோ, எந்த ஊர் ஸ்டுடியோவுக்கு அனுப்பினாலும் மெயிலின் முதல் வரியிலேயே லிங்க் இருக்கட்டும். அனுப்பும் முன் லாக்இன் செய்யாத வேறொரு பிரவுசரில் அதைத் திறந்து பாருங்கள். பக்கம் டிராஃப்ட் நிலையிலேயே கிடந்தால் உங்களுக்கு மட்டும்தான் அது தெரியும். நான் அப்படி மூன்று இடங்களுக்கு அனுப்பிவிட்டு, ஏன் பதிலே வரவில்லை என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன்.