நாவலில் இருந்து ஓடிடி வரை: படம் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

நாவலைப் படமாக்கி ஓடிடிக்கு விற்கப் போகும்போது வெடிக்கும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை, பூஜை போடுவதற்கு முன்பே எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கிய தாளில்தான் தொடங்குகின்றன. தளத்தின் வழக்கறிஞர் முதலில் கேட்பதே அந்தத் தாளைத்தான்.

பதிப்பாளரிடம் உரிமை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. தமிழில் பல பதிப்பகங்களிடம் இருப்பது அச்சு உரிமை மட்டுமே. திரைப்பட உரிமை எழுத்தாளருடையது. அவருக்குப் பின் 60 ஆண்டுகள் வாரிசுகளுடையது. மூன்று பிள்ளைகளில் மூத்தவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. கல்கியின் எழுத்துகள்போல நாட்டுடைமை ஆனவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் அதே கதையை இன்னொருவர் எடுத்தால் தடுக்கவும் முடியாது.

'இந்நாவலைத் திரைப்படமாக்கும் உரிமையை வழங்குகிறேன்' என்ற ஒற்றை வரி ஒப்பந்தம்தான் பெரிய பொறி. நீங்கள் எழுதாமல் விட்டதை 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தானே நிரப்பிக்கொள்ளும். காலம் சொல்லவில்லையா, 5 ஆண்டு. எல்லை சொல்லவில்லையா, இந்தியா மட்டும். ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், மாற்றாக எதுவும் எழுதியிராத பட்சத்தில், அது காலாவதி. ஹீரோவின் கால்ஷீட்டுக்கே இரண்டு வருடம் காத்திருக்கும் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. 'உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், காப்புரிமைக் காலம் முழுவதும், இணையவழி வெளியீடு உட்பட' என்று விரித்து எழுதுங்கள். வெப் சீரிஸ், ரீமேக், இரண்டாம் பாகம் ஒவ்வொன்றும் தனி வரி. ஓடிடி என்ற பேச்சே இல்லாத காலத்துப் பழைய ஒப்பந்தத்தை நம்பி இறங்காதீர்கள்.

பணம் கொடுத்தாயிற்று, கதையை எப்படியும் மாற்றலாம் என்பதும் தப்புக்கணக்கு. உரிமையை விற்ற பிறகும், படைப்பைச் சிதைத்தால் எழுத்தாளர் 57ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் போகலாம். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தொடுத்த வழக்கில் 1986இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இறுதித் திரைக்கதையைக் காட்டி, முக்கிய மாற்றங்களுக்கு எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது மலிவான காப்பீடு.

வெளியீட்டு இடைவெளியையும் கவனியுங்கள். தமிழ்ப் படங்கள் 4 வாரத்தில் ஓடிடிக்குப் போவது வழக்கம். இந்திப் பதிப்புக்கு தேசிய மல்டிபிளெக்ஸ்கள் கேட்பதோ 8 வாரம். 2023இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பை அவை திரையிடாததற்கு இதுவே காரணம். தளத்தோடு தேதி பேசும் முன் இந்தி வெளியீடு உண்டா என்று முடிவுசெய்யுங்கள்.

கடைசியில் ஒலி. தியேட்டருக்காகச் செய்த ஒலிக்கலவையை (மிக்ஸ்) அப்படியே அனுப்பினால், வீட்டு டிவியில் கிசுகிசுப்பு கேட்காது, சண்டைக் காட்சி அலறும். நெட்ஃபிளிக்ஸ் வசன அளவை சராசரி -27 எல்கேஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு), இரண்டு அலகு முன்பின் எனக் கேட்கிறது. அதற்கெனத் தனி மிக்ஸ் தேவை.

டப்பிங்குக்கு, வசனம் நீக்கி இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள டிராக்கும் கேட்பார்கள். லைவ் சவுண்டில் எடுத்த படமென்றால் இங்கேதான் மாட்டுவீர்கள். நாயகி பேசிக்கொண்டே பித்தளைக் குடத்தை இறக்கிவைக்கிறாள். அந்த 'ணங்' வசனத்தோடு ஒரே மைக்கில் பதிவானது. வசனத்தை எடுத்தால் அதுவும் போய்விடும். தெலுங்குப் பதிப்பில் குடம் பஞ்சுபோலத் தரையில் அமரும். காலடி, வளையல், பாத்திரம் அத்தனைக்கும் ஃபோலி செய்து, அதாவது அந்தச் சத்தங்களை ஸ்டூடியோவில் புதிதாக எழுப்பிப் பதிவுசெய்து, நிரப்ப நாள் ஒதுக்குங்கள். பிறமொழிப் பதிப்புகளில் பெயர்களை மாற்றிப் போட, எழுத்துகள் இல்லாத டைட்டில் காட்சிகளையும் கலர் கிரேடிங் முடிந்த வாரமே தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் ஸ்டூடியோவில் அந்த ஃபைல் இருக்காது.