மான் வேட்டைக்கு அம்பு முனை: தேர்வும் தீட்டலும்

அமெரிக்காவில் உரிமம் பெற்று வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடுவோருக்கான குறிப்பு இது. இந்தியாவில் மான் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அம்பு பட்ட மான் ரத்த இழப்பால்தான் விழுகிறது. கூரான பிளேடு நுரையீரலின் ரத்தக்குழாய்களைச் சுத்தமாக அறுத்துவிடும். மழுங்கியது அவற்றை ஒதுக்கித் தள்ளும், இல்லையேல் கிழிக்கும். கிழிந்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். மான் வெகுதூரம் ஓடி, யார் கண்ணிலும் படாமல் துடித்துச் சாகும். அந்தப் பாவம் வேண்டாம். எந்த முனை வாங்கினாலும் கூர்தான் முதலில்.

முனைகளில் நிலையான பிளேடு, மாற்றக்கூடிய பிளேடு, பட்டதும் விரியும் மெக்கானிக்கல் என மூன்று வகை உண்டு. மெக்கானிக்கல் நேராகப் பறக்கும், அகலமாக வெட்டும்; ஆனால் விரிவதற்கே அம்பின் விசையில் ஒரு பங்கு போய்விடும். இழுவிசை 50 பவுண்டுக்குக் குறைந்த வில்லுக்கு இரண்டு பிளேடு கொண்ட நிலையான முனையே சரி. எடை 100 அல்லது 125 கிரெயின் (அம்பு முனையை எடைபோடும் சிறிய அலகு). பயிற்சி முனையும் அதே எடையில் இருக்கட்டும். பல மாநிலங்கள் குறைந்தது 7/8 அங்குல வெட்டு அகலம் கேட்கின்றன. அந்த ஆண்டு விதிகளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புதுப் பெட்டியிலிருந்து எடுத்தது கூராகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். பழைய அம்புத் துண்டில் முனையைத் திருகினால் நல்ல கைப்பிடி கிடைக்கும். பிளேடின் சரிவில் மார்க்கரால் மை பூசி, 300 கிரிட் கல்லில் (கிரிட் எண் கூடக் கூடக் கல் நைசாகும்) ஒருமுறை இழுங்கள். மை சரிவு முழுக்க அழிந்தால் கோணம் சரி. வாயோரம் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கியிருக்கிறீர்கள். மேலே மட்டும் அழிந்தால் படுக்க வைத்துவிட்டீர்கள். பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி போதும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மெல்லிய பிசிர் எழும். அடியிலிருந்து நுனிவரை விரலுக்கு அது தட்டுப்பட்ட பிறகே திருப்புங்கள். பாதியில் திருப்புவதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. பிறகு 600, 1000 கிரிட். கல் மாற மாற அழுத்தத்தைக் குறையுங்கள்.

கடைசியில் பச்சை குரோமியம் ஆக்சைடு பூசிய தோல்வாரில், வாய் பின்னால் வரும்படி பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு. பிசிர் போகாத பிளேடு கையில் கூராகத் தெரியும். மான் ரோமத்திலும் விலாவிலும் பட்டதும் அந்தப் பிசிர் மடங்கிவிடும். லேசாக இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்ட், பிளேடு உரசியதுமே அறுபட வேண்டும்.

ஒரே வார்ப்பான மூன்று பிளேடு முனையில் கோணம் தேடும் வேலையே இல்லை: மூன்றில் இரண்டிரண்டு பிளேடுகளாகக் கல்லில் படுக்க வைத்துத் தேய்த்து, சுற்றிச் சுற்றி மாற்றுங்கள். மொத்தக் கோணம் 60 டிகிரி ஆகிவிடுவதால் வாய் தடித்தே இருக்கும், ஆனால் எலும்பைத் தாங்கும்.

முனையைத் திருக அதற்கான சாவியையே பயன்படுத்துங்கள், வெறுங்கை வேண்டாம். அம்பைச் சுழற்றும்போது முனை ஆடினால் அந்த அம்பு வேட்டைக்கு ஆகாது. நிலையான முனை, பயிற்சி முனைக்கு இடப்பக்கம் பட்டால் வில்லில் அம்பு அமரும் தாங்கியை 1/32 அங்குலம் வலப்பக்கம் நகர்த்துங்கள்.

இலக்கு ஃபோமில் ஒருமுறை பாய்ந்தாலே வாய் மழுங்கும். வேட்டைக்கு முன் மறுபடி தீட்டுங்கள். கார்பன் எஃகு முனைக்கு வாசலின் தடவிவைத்தால் துரு ஏறாது. எலும்பில் பட்டு வளைந்த பிளேடை நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள்.