பைலிங் இறங்கும் முன் ஒரு சோதனைக் குழி

"மண் பரிசோதனைதான் முடிந்துவிட்டதே, தொல்லியலுக்கு இன்னொரு சோதனைக் குழி எதற்கு?" சிங்கப்பூர் ஆற்றங்கரை, பாடாங் திடல் பக்கம் கட்டட வேலை என்றால் இந்தக் கேள்வியில்தான் தவறு தொடங்குகிறது. போர்ஹோல், அதாவது மண் மாதிரி எடுக்கும் துளை, போடுவது மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க. கையகலத் துளை ஒரு பழைய குடியிருப்பின் நடுவே இறங்கினாலும் ஒரு பானை ஓடுகூட மாட்டாமல் போகலாம். தொல்லியல் குழியைச் சதுரமாக வெட்டி, அடுக்கடுக்காக இறங்கி, மண்ணைச் சலிக்க வேண்டும். ஆனால் போர்ஹோலில் வந்த மண்ணைத் தொல்லியலாளரிடம் காட்டுவதற்குப் பெரிய செலவில்லை. எது இயற்கை மண், எது கொட்டிய மண் என்று அவர் பார்த்துச் சொன்னால், குழியை எங்கே போடலாம் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, "இங்கேதான் ஏற்கெனவே ரோடும் கட்டடமும் இருந்தனவே, கீழே என்ன மிஞ்சியிருக்கும்?" என்ற நினைப்பு. ஆற்றங்கரையில் உள்ள எம்பிரஸ் பிளேஸிலும் அப்படித்தான் இருந்தது. 2015-இல் சுமார் நூறு நாள் தோண்டியதில் ஏறக்குறைய 3 டன் பொருள்கள் கிடைத்தன. மேலே போட்ட மண்ணே சில இடங்களில் பழைய அடுக்குக்குப் போர்வையாகிவிடுகிறது.

அந்தப் போர்வை ஏமாற்றவும் செய்யும். 1820-களின் தொடக்கத்தில், இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணால் போட் கீ சதுப்பை நிரப்பினார்கள். அப்படி வேறிடத்திலிருந்து வந்த மண்ணில் ஒரு சீன ஓடு கிடைத்தால், அது அந்த இடத்தின் கதையைச் சொல்லாது. மேலடுக்கில் நாலு ஓடு கிடைத்ததும் குதிப்பதும் தவறு, கொட்டிய மண்தானே என்று அங்கேயே நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய தவறு. அதற்கும் கீழே, கலையாத மண் வரும்வரை போய்ப் பார்க்க வேண்டும்.

பளபளப்பதை மட்டும் எடுத்துவைப்பது பழைய வியாதி. 1928-இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்குத் தோண்டிய தொழிலாளர்கள் கையில் தங்க நகைகள் கிடைத்தன. வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் அவற்றைப் பதினான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். அந்தக் குன்றில் முறையான அகழாய்வு 1984-இல்தான் நடந்தது. இடையில் போன மண்ணை யார் திருப்பித் தருவது? கீழடியைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பழைய கதையைப் பேச வைத்ததும் பெரும்பாலும் பானை ஓடுகள்தாம்.

சரி, நேரம். பைலிங், அதாவது அடித்தளத் தூண்களை இறக்கும் வேலைக்குத் தேதி குறித்த பிறகு தொல்லியலாளரைக் கூப்பிட்டால், அவர் வருவதற்குள் லோரியில் பாதி மண் போயிருக்கும். வரைபடம் தயாராகும்போதே தேசிய மரபுடைமைக் கழகத்திடம் பேசிவிட்டால், ஒரு தூணைச் சற்று நகர்த்தவாவது வழி இருக்கும்.

யாரும் யோசிக்காத ஒன்று: அந்த மண்ணை முதலில் பார்ப்பவர் எக்ஸ்கவேட்டரில் இருக்கும் ஊழியர். பல நேரம் நம் தமிழ்நாட்டுத் தம்பி. வேலை தொடங்கும் முன் நடக்கும் காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல்பாக்ஸ் மீட்டிங்) அவருக்குத் தமிழிலேயே சொல்லுங்கள்: மண் திடீரென்று கறுத்தாலோ ஓடு தென்பட்டாலோ வண்டியை நிறுத்து, உன்னை யாரும் திட்டமாட்டார்கள். பழைய அடுக்கை நெருங்கும்போது பல் வைத்த பக்கெட்டைக் கழற்றிவிட்டுத் தட்டையானதை மாட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், கழுவ, எண் போட, பதிவு செய்ய ஆகும் செலவையும் தோண்டும் செலவோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். அது தோண்டுவதைவிட நீண்ட வேலை.