தடத்துத் தகராறில் நாம் சறுக்கும் இடங்கள்

"இருபது வருஷமா இந்த வழியாத்தான் போறோம், எவன் தடுப்பான்?" தடத்துத் தகராறு, அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போய்வரும் பாதைச் சண்டை, வந்தால் முதலில் கிளம்பும் பேச்சு இது. அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பற்றிய 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 15ஆவது பிரிவில் இருபது வருடக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் உரிமையோடு, வெளிப்படையாக, தடையில்லாமல் போய்வந்த வருடங்கள்தான் அதில் சேரும். அறுப்புக்கு அறுப்பு "அண்ணே, நெல்லு ஏத்த வண்டி விட்டுக்கிறேன்" என்று கேட்டுப் போனவருக்கு நாற்பது வருடமானாலும் அது அனுமதிதான், உரிமை ஆகாது. நடுவில் இருப்பது அரசு நிலம் என்றால் முப்பது வருடம் வேண்டும்.

பக்கத்துக்காரர் கம்பிவேலி போட்டதும் "பேசித் தீர்த்துக்கலாம்" என்று காத்திருப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. தடை போட்டது தெரிந்தும் ஒரு வருடம் பொறுத்துப் போனால், தடையில்லாமல் போய்வந்த தொடர்ச்சி அறுந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இருபது வருடக் கணக்கும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வந்து முடிய வேண்டும். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு வக்கீல் நோட்டீஸும் போகட்டும். ராத்திரியோடு ராத்திரியாக வேலியைப் பிடுங்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் போலீஸ் கேஸ் உங்கள் மேல்தான் வரும்.

அப்புறம் பத்திரம். "மாமூல் தடவழி பாத்தியம் உட்பட" (வழக்கமான வழியில் போய்வரும் உரிமையும் சேர்த்து) என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்தச் சர்வே நம்பரில், எந்த வரப்பை ஒட்டி, எத்தனை அடி? எதுவும் இருக்காது. நடந்துபோகும் உரிமைக்குள் வண்டி ஓட்டும் உரிமை அடங்காது. டிராக்டர் வரும் நாளில் அங்கேதான் சண்டை தொடங்கும். "தெற்கு வரப்பை ஒட்டி, 12 அடி அகலத்தில், தார்ரோடு வரை, ஆள், மாடு, வண்டி, டிராக்டர் போய்வர" என்று எழுதி, வரைபடமும் சேர்த்துப் பதியுங்கள். பாகப்பிரிவினையில் இது ரொம்ப முக்கியம். அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் காலத்திலேயே செய்துவிடுங்கள்.

"என் காட்டுக்கு வழியே இல்லை, கொடுத்துத்தான் ஆகணும்" என்பதும் பாதி உண்மைதான். இரண்டு நிலமும் முன்பு ஒருவர் கையில் இருந்து பிரிந்திருந்தால்தான், வேறு வழியே இல்லாத நிலத்துக்குச் சட்டம் தரும் அந்த 'அவசிய வழி' கிடைக்கும். சுற்றுவழி ஒன்று இருந்துவிட்டால், அது எவ்வளவு தொலைவானாலும் அவசியம் என்று வாதாட முடியாது. பின்பக்கம் பஞ்சாயத்து ரோடு வந்து, உங்கள் காடு அதைத் தொட்டால், இதுவரை இருந்த அவசிய வழியும் அதோடு முடிந்துவிடும்.